விபூதி பூசிய ஆயில் சீல்

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'அவன்' என்றுதான் கை போகிறது. இரண்டு வருஷம் நேருக்கு நேர் 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டுவிட்டு இப்போது எழுத்தில் மரியாதையைக் குறைப்பது அழகில்லை என்பதால் 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம். போட்டால், திட்டித்தான் எழுதியிருக்கிறேன் என்பதைக்கூடப் படித்துப் பார்க்காமல், கத்தரித்து லேமினேஷன் செய்து தன் மெக்கானிக் ஷெட் வாசலில் மாட்டிவிடுவார்.

ஷெட் கரையான்சாவடியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அந்தத் தூசியிலும் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். வேலை தெரிந்தவன் சட்டையில் அழுக்கு ஒட்டாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஏன் ஒட்டவில்லை என்று எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. கையைத் துடைத்துக்கொள்ள அவர் வண்டிகளின் சீட்டுகளை வைத்திருந்தார். என் வேனில் கடைசி சீட்டின் முதுகில் அவருடைய ஐந்து விரலும் இன்றைக்கும் இருக்கின்றன. எவ்வளவோ தேய்த்தும் போகவில்லை.

மெக்கானிக்குகளில் ஏமாற்றுகிறவர்கள் உண்டு, சோம்பேறிகள் உண்டு. இவர் அந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். காலையில் முதல் ஆளாக ஷெட்டைத் திறப்பார், சொன்ன நாளில் வண்டியைக் கொடுப்பார். இவருடைய தனிச்சிறப்பு வேறு. பிறந்ததிலிருந்து இவர் ஒரு தப்பும் செய்ததில்லை. வேலை பார்த்த வண்டி மறுபடி வந்து நின்றால் முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகு நாக்கால் பல்லிடுக்கில் ஒரு சத்தம் எழுப்புவார். அதற்குப் பிறகு நிதானமாகக் குற்றவாளியைத் தேடத் தொடங்குவார். பார்ட்ஸ் கடைக்காரர், ஆயில் கம்பெனி, வெயில், மெட்ரோ தூசி, பக்கத்து ஷெட்காரன் கண் என்று யாராவது அகப்படுவார்கள். யாருமே அகப்படாத நாளில் டிரைவர் இருக்கவே இருக்கிறார்.

ஒரு தடவை காய்கறி ஏற்றும் சின்ன லாரிக்காரர் ஒருவர் வந்து ஒரு ஸ்பேனரைக் கொடுத்தார். நம்மவர்தான் வேலை முடித்து இன்ஜின் மேலேயே அதை மறந்து வைத்துவிட்டிருந்தார். அது பாதி வழியில் ஃபேனில் சிக்கி, ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. லாரிக்காரர் நல்ல மனுஷர், சண்டை போடக்கூட வரவில்லை. நம்மவர் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து நாளாக இதைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், எடுத்துக்கொண்டு போனது யார் என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னார். லாரிக்காரர் அசந்துபோய் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அப்போது எனக்கு அது தமாஷாகத்தான் இருந்தது. என் வண்டிக்கு இன்னும் அந்த வேளை வந்திருக்கவில்லை.

நான் திருமுல்லைவாயில்காரி. பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போவது என் வேலை. அந்த வருஷம் பரீட்சை முடியும் சமயத்தில் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். மே மாதம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் பள்ளி வண்டிகளையெல்லாம் மைதானத்தில் நிறுத்திச் சோதிப்பார்கள். அதில் தேறாத வண்டிக்கு ரூட் கிடையாது, வேறு வேன் தயாராகக் காத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அந்த ரூட் போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. சின்னச் சின்ன வேலைக்கு ஏற்கெனவே இவரிடம் போய்க்கொண்டிருந்தேன், ஊரில் பாதி ஸ்கூல் வேனும் இவரிடம்தான் போகிறது என்பதால் இதற்கும் இவரிடமே போனேன்.

இன்ஜினின் முன்பக்கம் கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் பெல்ட் ஓடும் புல்லி மாட்டுவது. அந்தப் புல்லியின் கழுத்தைச் சுற்றி, இன்ஜின் முன்பக்கத்தை மூடும் கவரில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். அதுதான் முன் ஆயில் சீல். உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் பிடித்திருப்பது அதன் உதடு. பார்க்க ஒரு வளையல் பெரிசுகூட இருக்காது. ஆனால் அது கோணலாக உட்கார்ந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், வண்டி நின்ற இடத்தில் எல்லாம் கறை வைத்துவிட்டுப் போகும். முன்னால் ஆயில் ஒழுகும் வண்டியை எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் தேற விடமாட்டார்.

இது எனக்குப் புதிய விஷயம் இல்லை. வேன் வாங்குவதற்கு முன் ஆறு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சீல் அழுத்தும் மெஷின் என்னுடையது. ஷிஃப்டுக்கு முந்நூறு, நானூறு சீல் போட்டிருப்பேன். சீல் உட்காரும் வட்டத்தைத் துடைத்து, பிசிறு இருக்கிறதா என்று விரலை விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுருள் கம்பி தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே போக வேண்டும். உதட்டில் ஆயில் தடவ வேண்டும். அப்புறம் சீலின் வெளிவட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் அழுந்தும்படி, அதே அகலத்தில் ஒரு குழாயை வைத்து நேராக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் அந்தப் பீஸ் போச்சு. எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டுவிட வேண்டும், கேள்வியே கிடையாது.

நம்மவர் செய்ததைச் சொல்கிறேன். ஷெட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு விபூதி டப்பா இருக்கும். எந்தப் பாகம் மாட்டினாலும் அதிலிருந்து மூன்று விரலால் எடுத்து ஒரு பட்டை போடுவார். பிஸ்டனுக்குப் போட்டார், கவருக்குப் போட்டார். என் சீலை எடுத்து அதன் வட்டத்தைச் சுற்றியும் தாராளமாகப் பூசினார். உதட்டில் ஆயில் ஒரு சொட்டு இல்லை, வெறும் விபூதி. பிறகு கவரில் வைத்து சுத்தியலால் வலப்பக்கம் ஒரு தட்டு, இடப்பக்கம் ஒரு தட்டு. கடைசியில் இறங்காமல் அடம்பிடித்த ஓரத்தில் உளியை வைத்து ஒரு போடு.

பொறுக்க முடியாமல், சீல் ஒரு பக்கமாகப் போகிறது, நான் கம்பெனியில் இதே வேலைதான் பார்த்தேன் என்று மெல்லச் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அங்கே நின்றுகொண்டிருந்த டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"அது பம்பும்மா. இது இன்ஜினு. நீ போட்டதெல்லாம் தண்ணி எறைக்கிற ஐட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். லட்சக்கணக்கில் சீல் போட்ட கையை வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்குப் பயந்து சும்மா நின்றேன். அவர் மேல் எனக்கிருக்கும் வெறுப்பில் கொஞ்சம் எனக்கும் பங்கு உண்டு என்றால் அது அங்கேதான் ஆரம்பித்தது.

கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியைக் கொடுத்தார். இரண்டாம் நாள் காலையில் வேனுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஆயில். புது இன்ஜின் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும் என்றார். நாலாம் நாள் புல்லி சுழற்றி அடித்து பெல்ட், ரேடியேட்டர் எல்லாம் ஆயிலில் குளித்திருந்தன. வானத்தைப் பார்த்தார், பல்லிடுக்கில் சத்தம் வந்தது. சீல் டூப்ளிகேட் என்று தீர்ப்பு சொன்னார். பூந்தமல்லிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை நடுக்கடையில் நிற்க வைத்துத் திட்டினார். அந்தப் பெரியவர் பாவம், பீரோவைத் திறந்து வேறு ஒரு சீலை எடுத்து வைத்தார். அதற்கும் அதே விபூதி, அதே சுத்தியல்தான்.

அதுவும் ஒழுகியது. இந்த முறை வானத்தைக்கூடப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். பொம்பளைக் கையில் வண்டி இருந்தால் இப்படித்தான், எந்நேரமும் கிளட்ச்மேல் ஏறி நிற்கிறேன், அதனால் சீல் போகிறது என்றார். கிளட்ச் இருப்பது இன்ஜினுக்குப் பின்னால். ஒழுகுவது முன்னால். இன்ஜின் வேலை பார்க்கிற ஒரு மனுஷருக்கு முன்னும் பின்னும் தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தே சொன்னார். தன் கையைத் தவிர உலகத்தில் எதை வேண்டுமானாலும் குறை சொல்லக் கூசாத ஜென்மம் அது. அப்போதுதான் எனக்குத் தமாஷ் போய் அருவருப்பு வந்தது.

மைதானத்துக்கு வண்டி போக மூன்று நாள்தான் இருந்தது. பூந்தமல்லிப் பெரியவரிடம் போய் அவர் பட்ட திட்டுக்கு நான் மன்னிப்பு கேட்டுவிட்டு, இன்னொரு சீல் வாங்கிக்கொண்டு வந்தேன். என் கண் முன்னால் புல்லியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். புல்லியின் கழுத்தைத் துடைத்துவிட்டு நகத்தை வைத்து இழுத்தேன், ஒரு இடத்தில் நகம் தட்டி நின்றது. பழைய சீல் வருஷக்கணக்கில் ஓடிய தடம் அது. இன்ஜினைப் பிரித்தபோதே இவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். தடம் கொஞ்சமாக இருந்திருக்கும். இப்போது ஆழமாகி, பளபளவென்று இருந்தது. கழற்றிய சீலின் உதட்டில் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்ததை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. விபூதிதான், உப்புத்தாள் மாதிரி கழுத்தை அறுத்திருக்கிறது.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீலை இந்த முறை அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு வெளியே நிறுத்த வேண்டும், அப்போது உதடு தடத்தில் விழாமல் புது இடத்தில் ஓடும். ஆயில் தடவிப் போட வேண்டும். விபூதி வேண்டாம் என்றேன். மற்றதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, சாமியையே கொறை சொல்றியா?"

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர் கோயிலுக்குப் போகிறவள் நான். தன் சுத்தியலைக் காப்பாற்றிக்கொள்ள சாமியைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்துகிறாரே, அந்தக் கேவலம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"சாமி இன்னாண்ணா பண்ணும்? நெத்தில வெக்கிறத கொண்டாந்து சீல்ல வெச்சா? ஊட்ல பித்தள வெளக்கு எதுல தேச்சா பளபளன்னு வருதுன்னு உங்க ஊட்டம்மாவ கேட்டுகினு வாங்க."

இந்தத் தடவை டிரைவர்கள் சிரித்தது அவரைப் பார்த்து. கையிலிருந்த துணியை வீசிவிட்டு, நீயே செஞ்சுக்கோ என்று டீக்கடைக்குப் போய்விட்டார்.

செய்துகொண்டேன். அவருடைய இரும்புக் குப்பையிலேயே சரியான அகலத்தில் ஒரு குழாய்த் துண்டு கிடைத்தது. கிராங்க்கின் மூக்கு அதற்குள் தாராளமாகப் போயிற்று. விளிம்பை அரம் போட்டுச் சமமாக்கினேன். கவரின் வட்டத்தை மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, விரலை விட்டுச் சுற்றினேன். உளி பட்ட இடத்தில் ஒரு பிசிறு இருந்தது. அதைத் தேய்த்து எடுத்தேன். சீலின் உதட்டிலும் புல்லியின் கழுத்திலும் ஆயில் தடவினேன். குழாயை வைத்து ஒரு தட்டு தட்டி, சுற்றிலும் அளந்து பார்த்து, மறுபடி ஒரு தட்டு. அரை நூல் பாக்கி இருக்கும்போது நிறுத்தினேன். புல்லியைத் திருகித் திருகி மெதுவாக உள்ளே தள்ளியபோது, உதடு கழுத்தைப் பிடித்துக்கொள்வது கைக்குத் தெரிந்தது. எஸ்டேட்டை விட்டு வந்து எத்தனையோ நாளுக்குப் பிறகு என் கைமேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது. சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்.

அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி வந்தார். குனிந்து பார்த்தார். "தள்ளும்மா" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கடைசியாகப் புல்லியின் போல்ட்டை மட்டும் வாங்கித் தானே முறுக்கினார். முறுக்கிவிட்டு, எல்லாம் தன் கையால் முடிந்தது போல் நெட்டி முறித்தார். எதற்காக அந்தப் போல்ட் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. வண்டி கிடைத்தால் போதும் என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் ஓட்டினேன். நிறுத்துகிற இடத்தில் எல்லாம் அடியில் நியூஸ்பேப்பர் விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஆயில் விழவில்லை.

மைதானத்தில் அன்றைக்கு மஞ்சள் வேன்களாக நின்றன. அவரும் வந்திருந்தார். அவர் வேலை பார்த்த வண்டிகள் நாலைந்து வந்திருந்தன என்பதால், சட்டை வழக்கத்தைவிட வெள்ளை. பிரேக் இன்ஸ்பெக்டர் கறாரான ஆள். எனக்கு முன்னால் நின்ற வண்டியைத் தீயணைக்கும் சிலிண்டரைக் கயிற்றில் கட்டியிருந்ததற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார். என் வேனுக்கு வந்ததும் டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து இன்ஜினின் முன்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பழைய வண்டி, ஆனால் காய்ந்து கிடக்கிறதே, யார் வேலை என்று கேட்டார்.

நம்மவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தான்தான் என்றார். அந்தக் கடைசிப் போல்ட் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மாடலுக்கு முன் சீல் நிற்கவே நிற்காது, அரை நூல் வெளியே நிறுத்திப் போட்டால்தான் நிற்கும், அந்தப் பக்குவம் ஊரில் தன் ஒருவன் கைக்குத்தான் வரும் என்று விளக்கம் வேறு கொடுத்தார். ஒரு எழுத்து மாறாமல் நான் சொன்னதுதான். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"இவருதான் போட்டாராம்மா?"

தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. நான்தான் போட்டேன் சார் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வேன் ஓட்டுகிறவள் தானாகச் சீல் போட்டாளா என்று மறுபடி குனிவார். எந்த ஷெட், யார் பொறுப்பு என்று கேட்பார். இன்னொரு நாள் கொண்டு வா என்று சொல்லிவிட்டாலும் சொல்லிவிடுவார். அதற்குள் என் ரூட்டில் வேறு வேன் ஓடும்.

ஆமா சார், இவர்தான் என்றேன். கையெழுத்து விழுந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றிக்காகவோ கேலிக்காகவோ சிரித்த சிரிப்பு இல்லை. நான் சொன்னதை நிஜம் என்றே நம்பிவிட்ட சிரிப்பு அது. அந்த நிமிஷத்திலிருந்து அவரைப் பொறுத்தவரை அந்தச் சீலைப் போட்டது அவர்தான். அந்த முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் எனக்குத் தாள் கையில் இருந்தது, வாயும் அடைபட்டிருந்தது.

ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர் ஒருவர் என் வண்டிக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றிருந்தார். என் வண்டி போலவே பழைய வண்டி. என்னைவிடச் சின்னவர், பார்க்கும்போதெல்லாம் அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவர் என்னிடம் வந்து ஒன்றும் விசாரிக்கவில்லை. காதால் கேட்டது அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. காலாண்டு லீவில் இன்ஜின் வேலைக்கு வண்டியைக் கரையான்சாவடிக்குக் கொண்டுபோய் விட்டார்.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவர் வண்டியில் ஆயில் முழுக்கப் போய் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. முன் சீல்தான். டிரைவர் ஆயில் பார்த்து ஓட்டத் தெரியாத ஆள் என்று நம்மவர் சொல்லிவிட்டாராம். ரூட்டை வேறு வேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தம்பியைத் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். வேறு யாருடைய வண்டிக்கோ மாற்று டிரைவராகப் போகிறேன் என்றார். கோபமாகவே பேசவில்லை. மைதானத்தில் நான் சொன்னதை நம்பித்தான் அங்கே விட்டதாகச் சொன்னார். அப்புறம், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"உன் வண்டிக்கு மட்டும் எப்டிக்கா அவ்ளோ நல்லா போட்டாரு?"

அவருக்குப் பொய் சொல்ல எனக்கு இனிமேல் காரணம் எதுவும் இல்லை. அதை நான்தான் போட்டேன் என்றேன். தம்பி பாதி டீயோடு கிளாஸைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு ரோட்டில் எத்தனையோ தடவை எதிரும் புதிருமாக வந்திருக்கிறோம். அவர் என்னைப் பார்ப்பதில்லை.